போர்மன் ஐயாவின் புறங்கை

அன்றைக்கு ரெலிபோன் நிலையத்தின் பின்வளவில் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான்: கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியர், அவருடைய சாரதி, காவலாளி காசிம் காக்கா, அழைப்புகளை இணைக்கிற ரெலிபோன் பலகையில் வேலைசெய்த பிலோமினா, போர்மன் ஐயா, தேத்தண்ணித் தட்டுடன் நான். முள்வேலிக்கு வெளியே ஒரு மானும் நின்றது. அதைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமில்லை.

என் தட்டில் ஆறு கோப்பை பால்தேத்தண்ணி இருந்தது. எனக்கு வேண்டாம், மற்ற ஐந்து பேருக்கும் ஐந்து. எஞ்சினியர் இரண்டாவது கேட்டு, இல்லையென்று சொல்ல வேண்டி வந்துவிட்டால் என்ன செய்வது என்று விடியற்காலை முதல் யோசித்து ஆறாவதைச் சேர்த்திருந்தேன். நான் அப்படிப்பட்டவள். கேத்தில் கொதித்தால் வற்றிவிடுமோ என்று பயம், கொதிக்காவிட்டால் விறகு ஈரமோ என்று பயம். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டதுகூட, ஆறாம் வகுப்புக்கு எங்கள் ஊரிலிருந்து லோஞ்சில் ஏறிக் கடல் கடந்து போக வேண்டியிருந்ததால்தான்.

என்னிலும் பயந்த மனிதர் ஒரே ஒருவரைத்தான் என் ஆயுளில் கண்டேன். அவர் போர்மன் ஐயா. ஆனால் ஒரு வித்தியாசம். எனக்குப் பயம் ஒரு வருத்தம், மருந்தில்லாத நோய். அவருக்கு அது உத்தியோகம். மாதம் முடிய அதற்குச் சம்பளமும் வந்தது.

அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அவருடைய கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வெள்ளைக்காரன் திருகோணமலைத் துறைமுகத் தளத்தை விட்டுப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. துறைமுக வீதியில், ரெலிபோன் நிலையத்தின் மதிலோடு ஒட்டி, எனக்கும் என் மனுசனுக்கும் ஒரு தேத்தண்ணிக் கடை. அவர் கப்பல் ஜெட்டியில் மூட்டை இறக்கப் போய்விடுவார், கடையைப் பார்த்துக்கொண்டவள் நான். போர்மன் ஐயா நிலையத்தின் கம்பி வேலைகளை மேற்பார்க்க மாற்றலாகி வந்த முதல்நாள் கடைக்குள் நுழைந்தார். நுழைந்தவர் உடனே கதிரையில் இருக்கவில்லை. கதிரையின் இரும்புக் காலை வலது புறங்கையால் மெல்லத் தட்டினார். மேசையின் தகர விளிம்பைத் தட்டினார். நான் நீட்டிய கிளாஸைப் புறங்கையால் தொட்டு, ஒரு கணம் பொறுத்து, பிறகுதான் விரல்களால் பிடித்தார்.

"சூடு பாக்கிறியளோ ஐயா?" என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. கரண்ட் பாக்கிறன்."

"தேத்தண்ணியிலையோ?"

"எங்கை இருக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்?"

என் கடையில் அப்போது மின்சாரமே கிடையாது. அரிக்கன் லாம்புதான். அதையும் அவர் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

காரணம் இல்லாமல் அவர் எதையும் செய்வதில்லை. மின்சாரம் உள்ள ஒன்றை உள்ளங்கையால் தொட்டால் விரல்கள் தானாக மடங்கி அதை இறுகப் பிடித்துவிடும், பிறகு விட ஏலாது. புறங்கையால் தொட்டால் கை மடங்கினாலும் விலகி வந்துவிடும். இதை அவர் எனக்குச் சொன்ன அன்றைக்கே நானும் எல்லாவற்றையும் புறங்கையால் தொடத் தொடங்கிவிட்டேன். என் மனுசன் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள், சோற்றுக் கோப்பையை நான் புறங்கையால் தட்டிப் பார்த்தபோது, "நல்ல சோடியடி நீங்கள் ரெண்டுபேரும். அந்தாளுக்குப் பயத்துக்குப் பென்சன் குடுப்பாங்கள். உனக்கு ஆர் குடுப்பாங்கள்?" என்றார்.

அந்தக் கையால் அவருக்கு வந்த கரைச்சல்கள் கொஞ்சநஞ்சமல்ல. அவர் மெதடிஸ்த சபைக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் குருவானவர் திருவிருந்துக் கிண்ணத்தை நீட்ட, இவர் அதன் வெள்ளிப் பிடியைப் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டே வாங்கினாராம். குருவானவர் பிறகு தனியாகக் கூப்பிட்டு, "இதிலை உமக்கு என்ன சந்தேகம்?" என்று கேட்டார். இவர், "கிண்ணத்திலை இல்லை, ஐயா. உங்கடை பின்னாலை நிக்கிற மேசைவிளக்கிலை" என்றிருக்கிறார்.

நிலாவெளிப் பக்கம் ஒரு வீட்டில் நடந்தது அவ்வளவு சிரிப்பல்ல. கம்பி இழுக்கும் வேலைக்குப் போன இடத்தில் தாகமென்று கேட்க, ஒரு கரைவலைக்காரர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இவர் வழக்கப்படி புறங்கையால் தொட்டார். அந்த மனிதரின் முகம் மாறிவிட்டது. "எங்கடை செம்பிலை தண்ணி குடிச்சாத் தீட்டோ ஐயா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் அப்படித் தொட்டும் தொடாமலும் வாங்குகிறவர்கள் இருந்தார்கள், அதை மறைக்க ஏலாது. போர்மன் ஐயா அப்படியே அந்த வீட்டுத் திண்ணைக் குந்தில் இருந்துவிட்டார். செம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தார். இன்னொரு செம்பு கேட்டுக் குடித்தார். பிறகு மின்சாரம் என்றால் என்ன, அது மனிதனுக்குள் எப்படிப் போகும், எப்படி வெளியே வரும், புறங்கைக்கும் உள்ளங்கைக்கும் என்ன வித்தியாசம் என்று மத்தியானம் திரும்பும்வரைக்கும் சொன்னார். கடைசியில் அந்தக் கரைவலைக்காரரே, "ஐயா, நான் கேட்டது பிழை. நீங்கள் எப்பிடியும் தொடுங்கோ, ஆனா எழும்புங்கோ, வலை இழுக்கப் போகவேணும்" என்று கும்பிட்டாராம்.

இவ்வளவு பயந்தவருக்கு, பயந்தது ஒருநாள் நடந்தும்விட்டது.

ஐப்பசி மாதம். பின்னேரம். கடலில் இருந்து கறுத்துக்கொண்டு வந்தது. போர்மன் ஐயா என் கடையில் இருந்தார். ஒரே ஒரு இடி. வீதியோரத்து ரெலிபோன் கம்பியில் விழுந்தது. அது கம்பி வழியே நிலையத்துக்குள் ஓடிப் பலகைக்குள் பாய்ந்தது. பலகையின் முன்னால், காதில் கருவியை மாட்டிக்கொண்டு இருந்தவள் பிலோமினா. அவர் கிளாஸைப் போட்டுவிட்டு ஓட, நானும் பின்னால் ஓடினேன். பிலோமினா கதிரையோடு சரிந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. வாய் எதையோ சொல்லியது, சத்தமில்லை.

உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் இடது காதில் சுவர்க்கோழி கத்துவதுபோல ஒரு சத்தம் மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்ததாம். பிறகு அதுவும் போய் அந்தப் பக்கம் எதுவுமே கேட்காமல் ஆனது. தகப்பன் இல்லாத பிள்ளை, பின்னால் மூன்று தம்பிமார். வேலையை விட ஏலாது. ஒரு காதோடு திரும்பவும் அதே கதிரையில் வந்து இருந்தாள்.

இடி விழுந்தால் அது நிலத்துக்குள் இறங்கிப் போவதற்கு நிலையத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள். செப்புத் தகடு ஒன்றை நிலத்தில் புதைத்து அதிலிருந்து ஒரு செப்புப் பட்டியைக் கட்டடத்துக்குள் கொண்டுபோயிருந்தார்கள். அதற்கு ஏர்த் என்று பெயர். போர்மன் ஐயா அந்த இடத்தைக் கிண்டிப் பார்த்தார். தகட்டின் கீழே நிலமே இல்லை, பாறை. மேலே காய்ந்த மணல். எங்கள் துறைமுகக் கரை முழுக்க அப்படித்தானே.

"போக வழியில்லாமல் நிண்டது, பிள்ளையின்ரை காதுக்குள்ளாலை போச்சுது" என்று அவர் அன்றைக்குச் சொன்னார். அடுத்த நாளும் சொன்னார். பிறகு தினமும் தேத்தண்ணிக்கு முன்னால் சொன்னார்.

இடிதாங்கிகள் பூட்டிய புதுப் பலகை ஒன்று கொழும்பில் பெட்டிக்குள் கிடந்தது. ஆனால் அந்த இடிதாங்கிகளும் பிடித்ததை நிலத்துக்குள்தான் தள்ள வேண்டும். நிலம் வாங்காவிட்டால் அவை சும்மா அலங்காரம். ஆகவே கொழும்பு சொன்னது இதுதான்: அடுத்த மழைக்கு முன்னால் எஞ்சினியர் அளக்கும் கருவியோடு வருவார். நிலம் எவ்வளவு நன்றாக வாங்குகிறதோ கருவியின் முள் அவ்வளவு இறங்கும்; ஐந்துக்குக் கீழே நின்றால் புதுப் பலகை. நிற்காவிட்டால் பழையதுதான். இடி விழுந்த பிறகு கொழும்பு ஆள் வந்து அளந்தபோது முள் நாற்பதில் நின்றது. அடுத்த ஐப்பசியிலும் பிலோமினா அந்தப் பழைய பலகைக்கு முன்னால், மிச்சமிருக்கிற ஒரு காதோடு இருக்கப்போகிறாளா என்பதுதான் கேள்வி.

போர்மன் ஐயா பாறைகளுக்கு இடையில் கொஞ்சம் மண் இருந்த பள்ளமான இடமாகப் பார்த்துப் புதுக் குழி தோண்டுவித்தார். குழிக்குள் தகடு, தகட்டைச் சுற்றிக் கரியும் உப்பும். கரி என் அடுப்பில் இருந்தும் போனது. உப்பு நிலாவெளி உப்பளத்தில் இருந்து, அவர் சொந்தக் காசில், பஸ்ஸின் தலையில் ஏறி வந்தது. உப்பும் கரியும் ஈரமாக இருக்கும்வரைதான் நிலம் மின்சாரத்தை வாங்கும். ஆனால் அது வறண்ட கச்சான் காற்று அடிக்கும் காலம். துலாக் கிணறுகளே வற்றிப்போய்க் கிடந்தன. குடிக்கவே தண்ணீர் பீப்பாயில் அளந்துதான் வந்தது.

அப்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. என் கடையில் சாப்பிடுகிற துறைமுகத் தொழிலாளர்கள் இனிமேல் கடைவாசலில் கை கழுவக்கூடாது. மதிலின் சின்னக் கதவால் உள்ளே போய் ஏர்த் குழிக்கு மேலேதான் கழுவ வேண்டும். நான் அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், தேத்தண்ணிச் சாயக்கழிவு எல்லாம் அங்கேதான்.

"ஐயா, கொப்புளிச்சும் துப்பலாமோ?" என்று ஒருவன் வரிசையில் நின்று கேட்டான்.

"துப்பலாம். தாராளமாத் துப்பும். உப்புப் போட்டுக் கொப்புளிச்சா இன்னும் விசேஷம்."

"அப்ப மற்ற அலுவலுக்கும் இஞ்சை வரலாமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். போர்மன் ஐயா சிரிக்கவில்லை. யோசித்தார். "ஆறு மணிக்குப் பிறகு. பிலோமினா வீட்டை போனாப்போலை" என்றார்.

குழி எப்படி இருக்கிறது என்று பார்க்க அவரிடம் அளக்கும் கருவி இல்லை. அது கொழும்பில். இவர் ஒரு குமிழ்விளக்கை எடுத்து, கட்டடத்து மின்சாரத்தில் ஒரு முனையையும் செப்புப் பட்டியில் மறுமுனையையும் தொடுத்து எரிய வைப்பார். பிரகாசமாக எரிந்தால் நிலம் நன்றாக வாங்குகிறது. மங்கினால் காய்கிறது. பட்டப்பகலில் வெளிச்சத்தின் அளவு தெரியாதென்று தலையையும் குமிழையும் ஒரு கோணிச்சாக்கால் மூடிக்கொள்வார். வளவுக்குள் ஒரு சாக்கு தனக்குத்தானே, "காணாது, இன்னும் காணாது" என்று முணுமுணுத்துக்கொண்டு நிற்கும். முதல் தரம் கண்டபோது நான் கையிலிருந்த மீன்சட்டியைப் போட்டுவிட்டேன். அதுவும் குழிக்குத்தான் போனது.

குழி ஊறி நன்றாக வருகிற நேரத்தில் மான் வந்தது. கோட்டைப் பக்கத்தில் திரிகிற மான்களில் ஒன்று. உப்பு மணத்துக்கு வந்து, குளம்பால் கிளறி, கரியை ஒதுக்கிவிட்டு உப்பை நக்கியது. காவலுக்கு நின்றவர் கிண்ணியாவைச் சேர்ந்த காசிம் காக்கா. அவர் அதற்கு வாழைப்பழத் தோல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"காக்கா! அது அரசாங்கத்தின்ரை உப்பு!"

"வாயில்லாச் சீவன் ஐயா. ரெண்டு நக்கு நக்கினா அரசாங்கம் என்ன கொறஞ்சா போகும்?"

"நக்கேக்கை இடி விழுந்தா?"

காசிம் காக்கா வானத்தைப் பார்த்தார். ஒரு முகில் இல்லை. போர்மன் ஐயாவும் பார்த்தார். ஆனால் நினைப்பு அவருக்குள் இறங்கிவிட்டது. உப்புக் களவு போவதை மறந்துவிட்டு, மானுக்கு ஏதும் வந்துவிடுமோ என்று அந்த வாரம் முழுக்க நித்திரையில்லை. கம்பிவேலி போடுவோம் என்றார் காசிம் காக்கா. கம்பி என்றால் இரும்பு, இடி அதிலும் ஓடும், அதைத் தொடுகிறவர் கதி என்ன என்று அதற்கும் தடை. கடைசியில் இரண்டு பேருமாகக் காட்டு முள்ளை வெட்டிவந்து வேலி அடைத்தார்கள். மான் வெளியே நின்று ஏக்கத்தோடு பார்க்கத் தொடங்கியது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

எஞ்சினியர் நல்ல மனிதர், இளவயது, கொழும்புத் தமிழ். போர்மன் ஐயா ஞாயிறு ஆராதனைக்குப் போடுகிற வெள்ளைக் காற்சட்டையோடு நின்றார். காலையில் ஒரு தரம் எல்லாவற்றையும் புறங்கையால் தொட்டுச் சரிபார்த்துவிட்டதாக எனக்குச் சொன்னார். எஞ்சினியர் இரண்டு இரும்பு முளைகளைத் தள்ளித் தள்ளி நிலத்தில் அறைந்து, கம்பிகளைப் பூட்டி, கருவியின் கைபிடியைச் சுற்றினார். முள் எழும்பியது. 

"முப்பது" என்றார் எஞ்சினியர்.

 எஞ்சினியர் திரும்பவும் சுற்றினார். முப்பதுதான். பிலோமினா கேட்கிற காதை எங்கள் பக்கம் திருப்பி, "எத்தினையாம்?" என்றாள். 

எஞ்சினியர் சட்டைப்பையில் இருந்து பேனாவை எடுத்தார். "போர்மன், என்ன செய்யிறது? நான் உள்ளதைத்தான் எழுதோணும்."

போர்மன் ஐயா குழியடிக்குப் போனார். குழிக்கு மேலே தெரிந்த, செப்புப் பட்டி தகட்டோடு சேர்கிற நட்டுப் பூட்டைப் புறங்கையால் தொட்டார். ஒன்றுமில்லை. நின்றார். பிறகு, நான் ஒருநாளும் காணாத ஒன்றைச் செய்தார். உள்ளங்கையால் அந்தப் பூட்டை இறுகப் பிடித்தார். அது அவருடைய கைக்குள் உருண்டது. நட்டு இறுகவேயில்லை, சும்மா தொட்டுக்கொண்டு நின்றது.

புறங்கை மின்சாரம் இருக்கிறதா என்றுதான் சொல்லும். நட்டு இளகியிருக்கிறதா என்று சொல்லாது.

அப்போதுதான் நாங்கள் எல்லாரும் அந்தப் பட்டியைச் சரியாகப் பார்த்தோம். அது திருநாளுக்கு விளக்கிய குத்துவிளக்கைப்போல மினுங்கியது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த மினுக்கம். பிலோமினா மாதா கோவிலில் மெழுகுதிரித் தண்டுகளை விளக்குகிற பிள்ளை. கொழும்பில் இருந்து ஆள் வருகிறார், ஐயா இவ்வளவு பாடுபட்டிருக்கிறார், செம்பு இப்படிக் கறுத்துக் கிடக்கிறதே என்று, பொழுது விடிய வந்து, பூட்டைக் கழற்றி, அதன் அடியையும் விட்டுவைக்காமல் விளக்கித் திரும்பவும் விரலால் முறுக்கி வைத்திருக்கிறாள். அவளுடைய நகக்கண்ணில் புளி இன்னும் இருந்தது. அவள் கைகளைப் பின்னால் மறைத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

போர்மன் ஐயா பட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு எஞ்சினியரிடம் திரும்பி, "காத்துக்கு இளகிப்போச்சுது, சேர்" என்றார்.

அன்றைக்கு ஒரு இலைகூட ஆடவில்லை. எஞ்சினியர் ஆடாத இலைகளை ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓம், இஞ்சை காத்துக் கொஞ்சம் கடுமைதான்" என்று பேனாவைச் சட்டைப்பையில் திரும்ப வைத்தார். அதனால்தான் சொன்னேன், நல்ல மனிதர் என்று.

நட்டை முறுக்கிவிட்டுத் திரும்பச் சுற்றினார்கள். முள் மடமடவென்று இறங்கியது. இறங்கி, ஏழில் நின்றுவிட்டது.

"கிட்ட வந்திட்டுது" என்றார் எஞ்சினியர். "கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாப்பம்."

"காக்கா, பீப்பாய்!" என்று கத்தினார் போர்மன் ஐயா.

காசிம் காக்கா அசையவில்லை. "பீப்பா காலி, ஐயா. பெரியவங்க வாறாங்களெண்டு விறாந்தையெல்லாம் நான்தான் கழுவின."

"முழுத் தண்ணியுமோ?"

"விறாந்தை நல்ல துப்பரவா இரிக்கி, ஐயா" என்றார் காக்கா, தலையைக் குனிந்துகொண்டு.

போர்மன் ஐயா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அந்தப் பார்வை என் தட்டில் வந்து நின்றது. எனக்கு விளங்கிவிட்டது. தட்டை நீட்டினேன். முதல் கோப்பை குழிக்குள் போனது. இரண்டாவது, மூன்றாவது. காசிம் காக்கா ஓடிப்போய்த் தொழுகைக்கு முன்னால் தான் ஒழு எடுக்கிற தண்ணீர்க் கிண்டியைக் கொண்டுவந்து, பிஸ்மி சொல்லி ஊற்றினார். பிலோமினா சாப்பாட்டோடு கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்தாள். சாரதி வாகனத்துக்கு வைத்திருந்த தகரத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, "சேர், வழியிலை என்ஜின் சூடேறினா என்னைக் கேக்கப்படாது" என்றான். நான்காவது, ஐந்தாவது கோப்பை. ஆறாவதை எஞ்சினியர் கையில் எடுத்து ஒரு வாய் குடித்திருந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தோம். மானும் பார்த்தது. அவர் கோப்பையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், தானே போய் ஊற்றினார்.

பொறுத்திருந்து சுற்றினார்கள். முள் ஆறுக்கு வந்தது. ஆடியது. ஐந்தைத் தாண்டிச் சற்றே கீழே இறங்கி, அப்படியே நின்றது.

"எத்தினையாம்?" என்றாள் பிலோமினா.

போர்மன் ஐயா அவளுடைய வலது காதுக்குக் கிட்டப் போய், "நாலரை" என்றார். 

புதுப் பலகை வந்து பூட்டிய பிறகு முதல் இடி ஒரு பின்னேரம் விழுந்தது. அதே வீதி, அதே கம்பி. போர்மன் ஐயா அந்நேரம் பிலோமினாவின் கதிரைக்குப் பக்கத்தில் நின்றார். நான் வாசலில். பலகையின் பின்னால் எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிலோமினா தோளைக் குறுக்கி, கண்ணை மூடி, பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். கருவிக்குள் யாரோ கத்துவது எங்களுக்கே கேட்டது. "ஓம், திருகோணமலைதான். கேக்குது, சொல்லுங்கோ" என்றாள்.

போர்மன் ஐயா மழைக்குள்ளால் என் கடைக்கு நடந்து வந்தார். கதிரையைத் தட்டாமல் இருந்தார். மேசையைத் தொடவில்லை. நான் கொதிக்கக் கொதிக்க ஊற்றி வைத்த கிளாஸை, என்ன நினைவிலோ, உள்ளங்கையால் அப்படியே பிடித்தார். அவர் போட்ட கூச்சலுக்கு ஜெட்டியில் இருந்து என் மனுசன் ஓடிவந்தார்.

"பாத்தியோ பிள்ளை!" கையை உதறிக்கொண்டு போர்மன் ஐயா சொன்னார். "ஒருநாள்! ஒரே ஒருநாள்தான் மறந்தனான்!"

கை பொக்களித்துவிட்டது. நான் தேன் பூசினேன். பூசும்போதுதான் அவர், "அண்டைக்குக் குழியிலை ஊத்தின தேத்தண்ணிக்குக் காசு வந்ததோ?" என்று கேட்டார். அவர் அதற்கு முறையாகப் பத்திரம் எழுதிக் கொழும்புக்கு அனுப்பியிருந்தார்: 'நிலத்துக்கு ஈரம், பால்தேநீர், ஆறு கோப்பை.' அது ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது: நிலத்துக்குப் பாலும் சீனியும் ஏன் தேவைப்பட்டது? அவர் விளக்கம் எழுதினார். அதற்கு மறுமொழி வரவில்லை. தன் காற்சட்டைப் பையில் இருந்து எடுத்துத் தரப் பார்த்தார். நான் வாங்கவில்லை. குடித்தது அவரல்ல, அரசாங்கத்தின் நிலம். கொடுக்க வேண்டியது அரசாங்கம்.

அவர் மாற்றலாகிப் போனபோது, பஸ்ஸின் படிக் கம்பியைப் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறினார். யன்னலுக்கால் தலையை நீட்டி, "விட்டிடாதை பிள்ளை, கேட்டுக்கொண்டே இரு" என்றார். நானும் வருகிற ஒவ்வொரு அதிகாரியிடமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கோப்பை பதினைந்து சதம்படி ஆறு கோப்பை. எஞ்சினியர் குடித்த அந்த ஒரு வாயைக் கழிக்கலாமா என்பதும் எனக்கு நெடுநாள் யோசனை. கழிக்கவில்லை. தொண்ணூறு சதம்.